பஃபிங் மெஷின் மக்கர் பண்ணுதா? தரையிலேருந்து தேட ஆரம்பிங்க

கும்பகோணம் பக்கம் அரசலாத்தங்கரையில ஒரு ஊரு நமக்கு. பழைய மாட்டுக் கொட்டகையத்தான் பட்டறையா மாத்தி வெச்சிருக்கேன், வீட்டு விளக்கு, தாம்பாளம், தவலை, டபரா செட்டுன்னு அக்கம்பக்கத்துல குடுக்கறத பாலிஷ் போட்டுக் குடுப்பேன், கார்த்திகை வந்தா நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வரிசையா வந்து நிக்கும். இந்த பஃபிங் மெஷின், அதாவது துணி வீல சுத்த விட்டு பாத்திரத்த மினுக்கற மெஷின், கடையில வாங்கினது இல்ல, நானே கட்டினது. இதுவரைக்கும் மூணு தடவ பிரிச்சு மூணு தடவ கட்டியாச்சு, அதனால எது எது எப்படி எப்படி படுத்தும்னு கொஞ்சம் தெரியும்.

முதல்ல என் மெஷின் என்னன்னு சொல்லிடறேன், அப்பதான் கீழ வர்ற கணக்கெல்லாம் ஒத்துவரும். 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 1440 ஆர்பிஎம். மோட்டார்ல 6 இன்ச் புல்லி, ஸ்பிண்டில்ல (வீல் மாட்டற ஷாஃப்ட்டுல) 3 இன்ச் புல்லி, ஏ செக்‌ஷன் வி பெல்ட், ஆக ஸ்பிண்டில் 2880 கிட்ட ஓடும். ஷாஃப்ட் 25 எம்எம், ஈஎன் 8ங்கற ரக எஃகு ராடு, ரெண்டு யூசிபி 205 பேரிங் பிளாக்ல உக்காந்திருக்கு. ரெண்டு பக்கமும் 8 இன்ச் துணி வீல். ஸ்டாண்டு 50க்கு 50 ஆங்கிள், 6 எம்எம் கனம்.

வேலை கெட்டுப்போனா எல்லாரும் முதல்ல வீலத்தான் மாத்துவாங்க. நானும் அப்படித்தான் பண்ணேன், வீலுக்கே ஏகப்பட்ட காசு போச்சு. பத்துல ஏழு எட்டு தடவ கோளாறு வீல்ல இருக்காது, கீழ எங்கயாவது இருக்கும், தரையில, கால்ல, போல்ட்டுல, பெல்ட்டுல. அதனால எந்தப் பிரச்சனையா இருந்தாலும் கீழேருந்து மேல போங்க. பிளக்க புடுங்கிட்டு.

மெஷின் ஆடுது, டேபிள்ல வெச்சதெல்லாம் நடந்து போவுது

இதுதான் பெரிய தலைவலி, கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

ஒரு டபராவுல முக்கால்வாசி தண்ணி ஊத்தி மெஷின் மேடையில வைங்க. மெஷின ஓட விட்டு தண்ணியப் பாருங்க. மேல லேசா வட்டம் வட்டமா சிலிர்த்தா பரவால்ல, விளிம்புல ஏறிக் குதிச்சு வெளிய சிந்துதுன்னா வேலை இருக்கு. கையால தொட்டுப் பாத்து "ஆடுது, ஆடல"ன்னு சொல்றத விட இது நல்ல அளவு, ஏன்னா நேத்தைக்கும் இன்னைக்கும் ஒப்பிட்டுப் பாக்கலாம்.

அப்புறம் ஒண்ணு ஒண்ணா பிரிக்கணும். பெல்ட்ட கழட்டிட்டு மோட்டார மட்டும் ஓட்டுங்க. அப்பவே தண்ணி சிந்துதுன்னா மோட்டார் பேரிங், மோட்டார் புல்லி, இல்ல மோட்டார் அடி போல்ட்டு. மோட்டார் சமத்தா ஓடுதுன்னா பெல்ட்ட மாட்டி, வீல் ரெண்டும் இல்லாம ஸ்பிண்டில் மட்டும் ஓட்டுங்க. இப்ப ஆட்டம் வந்தா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, இல்ல ஸ்பிண்டில் புல்லி ஓட்டை சென்டர்ல இல்ல. அதுவும் ஓகேன்னா ஒரு வீல், அப்புறம் அடுத்த வீல். எந்தப் படியில ஆட்டம் உள்ள வந்துச்சோ அங்கதான் கோளாறு. ஒரு பத்து நிமிஷ வேலை இது, ஆனா இதச் செய்யாம ஒரு மாசம் சுத்துனவன் நான்.

ஷாஃப்ட் வளைவு பாக்க டயல் கேஜ் (நுணுக்கமா அளக்கற முள்ளு மீட்டர்) இல்லையேன்னு கவலப்படாதீங்க. ஒரு செங்கல்ல ஹாக்ஸா பிளேடு துண்ட கட்டி அதோட முனைய ஷாஃப்ட்டுக்குப் பக்கத்துல கொண்டு போங்க, நோட்டுப் பேப்பர் ஒண்ணு உள்ள இழுத்தா லேசா உரசிக்கிட்டு வர்ற அளவுக்கு இடைவெளி. கையால ஷாஃப்ட்ட மெதுவா சுத்துங்க. சாதாரண பேப்பர் ஏறக்குறைய 0.1 எம்எம் கனம். ஒரு இடத்துல பேப்பர் சிக்கி இன்னொரு இடத்துல ரெண்டு பேப்பர் போவுதுன்னா லேத்துக்கு எடுத்துட்டுப் போங்க, சுத்தியால தட்டி நிமித்தறேன்னு ஆரம்பிக்காதீங்க.

வீல் ஓட்டைய பத்தி ஒரு கணக்கு சொல்றேன். 20 எம்எம் ஓட்டை இருக்கற வீல முக்கால் இன்ச் ஷாஃப்ட்டுல மாட்டுவோம், ரெண்டும் ஒண்ணுதானேன்னு. முக்கால் இன்ச்னா 19.05 எம்எம். வீல் ஒரு பக்கமா அரை எம்எம் தள்ளி உக்காரும். வீல் 400 கிராம்னு வெச்சுக்கோங்க, 2880 ஆர்பிஎம்ல அந்த அரை எம்எம் மட்டுமே கிட்டத்தட்ட 2 கிலோ இழுப்பு குடுக்கும், அதுவும் செகண்டுக்கு 48 தடவ சுத்திச் சுத்தி. 1440ல ஓட்டினா அது அரை கிலோதான், நாலுல ஒரு பங்கு. அதனாலதான் மெதுவா ஓடுனப்ப நல்லா இருந்த மெஷின் புல்லி மாத்தினதும் பேயாட்டம் ஆடுது. ஷாஃப்ட்டுக்கு ஒரு புஷ் (அந்த இடைவெளிய அடைக்கற வளையம்) கடைஞ்சு போட்டுக்கோங்க. வீல் ரெண்டு பக்கமும் வர்ற வாஷர் ஒரே அளவா, பெருசா, தட்டையா இருக்கணும், சின்ன வாஷர் போட்டா வீல் நடுவுல குழிஞ்சு தள்ளாடும்.

புது வீல் எப்பவுமே வட்டமா இருக்காது, அது குத்தம் இல்ல. ஒரு கட்டையில பழைய ஹாக்ஸா பிளேடு நாலஞ்ச வரிசையா ஆணி அடிச்சு வெச்சுக்கோங்க, வீல் ஓடும்போது லேசா காட்டினா நீட்டிக்கிட்டிருக்கற நூலெல்லாம் பறந்துடும். கண்ணாடி, மாஸ்க் ரெண்டும் போட்டுக்கிட்டு.

இதெல்லாம் சரியா இருந்தும் ஆடுதுன்னா ஸ்டாண்டப் பாருங்க. ஒரு அடையாளம் இருக்கு. சுவிட்ச்ச ஆஃப் பண்ணுங்க, வீல் மெதுவாகி நிக்கறப்ப நடுவுல ஒரு இடத்துல மட்டும் கிடுகிடுன்னு ஆடி அப்புறம் அடங்குதா? அப்படின்னா ஸ்டாண்டுக்குன்னு ஒரு ஆட்டம் இருக்கு, அந்த வேகத்துல வீலோட ஆட்டமும் அதோட சேந்துக்குது. வீல பேலன்ஸ் பண்றது மட்டும் பத்தாது. கால்களுக்கு குறுக்கால சாய்வா பட்டை வெல்டு பண்ணுங்க, சும்மா நேர் பட்டை போதாது. அப்புறம் வெயிட்டு. கான்கிரீட் போடலாம், மணல் மூட்டை வெக்கலாம். எங்க வீட்டுக் கொல்லையில அம்மா ஆட்டுக்கல் சும்மா கெடந்துச்சு, கிரைண்டர் வந்ததுக்கப்புறம் யாரும் தொடல, அத நாலு பேரு சேந்து உருட்டிக்கிட்டு வந்து ஸ்டாண்டுக்கு அடியில ஏத்தி ஆங்கிள் வெச்சு கட்டிட்டேன். அன்னையிலேருந்து டபரா தண்ணி சிந்தல. அம்மா ரெண்டு மாசம் பேசல, அது வேற.

இன்னொண்ணு, நம்ம டெல்டா மண்ணு. களிமண்ணு, மழையில ஊறி உப்பும், சித்திரை வெயில்ல கை நுழையற அளவுக்கு வெடிக்கும். அதுக்கு மேல ரெண்டு இன்ச் சிமெண்ட் தளம் போட்டு மெஷின போல்ட் பண்ணினா, கோடையில லெவல் பாத்தது ஐப்பசியில லெவல் இருக்காது. நாலு கால்ல ஒண்ணு தூக்கிக்கும். மெஷின் நிக்கும்போது ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் ஒரு பேப்பர் சொருகிப் பாருங்க, எந்தக் கால்ல சுலபமா போவுதோ அதான் ஆட்டத்துக்குக் காரணம். நான் கடைசியில ரெண்டடிக்கு ரெண்டடி, ஒன்னரை அடி ஆழம் தோண்டி ஜல்லி கான்கிரீட் போட்டு அதுலயே போல்ட்ட புதைச்சுட்டேன், சுத்தி தளத்தோட ஒட்டாம ஒரு விரல் இடைவெளி விட்டு மணல் போட்டாச்சு, இப்ப மண்ணு என்ன பண்ணினாலும் எல்லாம் ஒண்ணா ஏறும் ஒண்ணா இறங்கும். பழைய டயர வெட்டி காலுக்கு அடியில குடுங்கன்னு சொல்வாங்க, கனமான மெஷினுக்கு சரி, எடை இல்லாத மெஷினுக்கு மெத்துன்னு ரப்பர் குடுத்தா ஊஞ்சலாட்டம்தான்.

சுவிட்ச் போட்டா "ம்ம்ம்"னு முனகுது, சுத்தல

உடனே ஆஃப் பண்ணுங்க. முனகிக்கிட்டே நின்னா வைண்டிங் எரிஞ்சிடும், வாசனை வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

பெல்ட்ட கழட்டுங்க. மோட்டார் ஷாஃப்ட்ட கையால ஒரு சுத்து விடுங்க. இறுகி இருந்தா பேரிங். லேசா சுத்துதுன்னா, சுத்தி விட்டுட்டு கைய எடுத்த உடனே சுவிட்ச்ச போடுங்க. சுத்தி விட்ட பக்கமே ஓட ஆரம்பிச்சுதுன்னா கெப்பாசிட்டர் போயிருக்கு, இல்ல உள்ள இருக்கற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் (மோட்டார் வேகம் எடுத்ததும் தானா விலகி, நிக்கும்போது திரும்ப சேர்றது) சேரல. ரெண்டையும் பிரிச்சுக் கண்டுபுடிக்க ஒரு வழி: மோட்டார் ஓடி நிக்கும்போது கடைசியில "டக்"னு ஒரு சத்தம் வரும், அதான் சுவிட்ச் திரும்ப சேர்ற சத்தம். அது வரலன்னா சுவிட்ச் மாட்டிக்கிட்டிருக்கு, பஃப் நூல் தூசி உள்ள போய் அடைச்சிருக்கும், எனக்கு ரெண்டு தடவ அதான். (கெப்பாசிட்டர் எப்பவும் லைன்லயே இருக்கற மோட்டாருக்கு இந்த சுவிட்சே கிடையாது, டக் சத்தமும் வராது.)

கெப்பாசிட்டர் உப்பியிருந்தா, எண்ணெய் கசிஞ்சிருந்தா யோசிக்கவே வேணாம், மாத்துங்க. மேல எத்தன மைக்ரோஃபாரட், எத்தன வோல்ட்டுன்னு எழுதியிருக்கோ அதே. "கொஞ்சம் பெருசா போட்டா ஸ்டார்ட்டிங் நல்லா இருக்கும்"னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு முனையையும் பல்பு மாட்டின ஒரு ஹோல்டரோட ஒயரால சேத்து சார்ஜ எறக்குங்க, பிளக் புடுங்கியிருந்தாலும் அது அடிக்கும்.

பெல்ட் இல்லாம நல்லா எடுக்குது, பெல்ட் மாட்டினா முனகுதுன்னா, வோல்டேஜப் பாருங்க. அடுத்த கதை அதான்.

ஓடுது, ஆனா வேலைய அழுத்தினா நின்னு போவுது

ஆனி, ஆடி மாசம் இந்தப் பிரச்சனை ஆரம்பிச்சா மோட்டார குத்தம் சொல்லாதீங்க. மேட்டூர் அணை ஜூன் 12 திறந்தாலும் தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வந்து சேர்றதுக்குள்ள குறுவை நாத்தங்காலுக்கு போர்வெல்தான், ஊருல இருக்கற மோட்டார் எல்லாம் ஒரே நேரத்துல ஓடும். மல்டிமீட்டர வெச்சுப் பாத்தா 230 இருக்க வேண்டிய எடத்துல 180 காட்டும். 180தானே, கொஞ்சம்தானே கம்மின்னு தோணும். ஆனா இண்டக்‌ஷன் மோட்டாரோட இழுவை வோல்டேஜோட வர்க்கத்துல குறையும், 180க்கு பாத்தா 61 சதவீதம்தான் மிச்சம். உங்க 1 ஹெச்பி அந்த நேரத்துல முக்கால் ஹெச்பி கூட இல்ல. நான் அந்த மாசங்கள்ல ராத்திரி பத்து மணிக்கு மேல வேலை வெச்சுப்பேன், இல்ல ஒரு பக்க வீல கழட்டிடுவேன்.

வயல் பம்ப்செட்டுக்கு வர்ற லைன்லேருந்து ஒரு ஒயர் இழுத்துக்கலாமேன்னு ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். வேணாம். அது விவசாயத்துக்கு இலவசமா குடுக்கறது, புடிச்சா அபராதம் போடுவாங்க, அது நியாயமும்தான்.

வீட்டுலேருந்து கொட்டகைக்கு வர்ற ஒயரையும் பாருங்க. எனக்கு 30 மீட்டர், ஆரம்பத்துல 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். போக வர 60 மீட்டருக்கு 0.7 ஓம் கிட்ட வரும். ஓடும்போது 7 ஆம்ப், அதுக்கு 5 வோல்ட் போவும், பெருசா தெரியாது. ஆனா ஸ்டார்ட்டிங்ல அஞ்சு மடங்கு கரண்ட், 35 ஆம்ப், 25 வோல்ட் ஒயர்லயே போயிடும், ஏற்கனவே 190 இருந்தா மோட்டாருக்கு 165தான் கிடைக்கும், அப்புறம் எங்கேருந்து எடுக்கும். 2.5 ஒயர் போட்டதும் அந்த 25 வந்து 15க்கு எறங்கிடுச்சு. ஸ்டார்ட் பண்றப்ப எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா விழற சுவிட்ச்) மட்டும் விழுந்தா, அது பி டைப்பான்னு பாருங்க, மோட்டாருக்கு சி டைப்தான் சரி.

வோல்டேஜும் ஒயரும் நல்லா இருக்கு, அப்பவும் நிக்குதுன்னா பெரிய வீல் மாட்டியிருப்பீங்க. 10 இன்ச் வீல 2880ல ஓட்ட 1 ஹெச்பி பத்தாது. 8 இன்ச்சோட நிறுத்திக்கோங்க, அரை ஹெச்பி மோட்டார்னா 6 இன்ச்.

பெல்ட் கத்துது, ரப்பர் கருகுற வாசனை

அமுக்கிப் பாருங்க. ரெண்டு புல்லிக்கும் நடுவுல ஒரு மீட்டர் இருந்தா 16 எம்எம் அமுங்கணும், அந்தக் கணக்குல 40 சென்டிமீட்டருக்கு 6, 7 எம்எம். அதுக்கு மேல தொளதொளன்னு இருந்தா மோட்டார பின்னாடி தள்ளுங்க. புல்லி ரெண்டும் ஒரே நேர்ல இருக்கான்னு ஒரு நூல புடிச்சு ரெண்டு புல்லியோட முகத்துலயும் நாலு இடத்துல படுதான்னு பாத்துக்கோங்க.

சரியா இழுத்துக் கட்டியும் வழுக்குதுன்னா புல்லி பள்ளத்தோட அடியப் பாருங்க. அடி பளபளன்னு மின்னினா பெல்ட் தேஞ்சு அடியில உக்காந்துடுச்சு, வி பெல்ட் பக்கவாட்டுலதான் புடிக்கணும், அடியில தொட்டா புடிப்பே இருக்காது. அப்புறம் வேகம் வேணும்னு ஸ்பிண்டில்ல ரெண்டு, ரெண்டரை இன்ச் புல்லி போடறது. ஏ செக்‌ஷன் பெல்ட்டுக்கு 3 இன்ச்சுக்கு கீழ போவக் கூடாது, அவ்ளோ சின்னதுல வளைஞ்சா உள்பக்கம் வெடிச்சு வெடிச்சு போயிடும். வேகம் வேணும்னா மோட்டார் பக்கம் பெருசாக்குங்க. குங்கிலியத்தூள் தடவுனா புடிக்கும்னு ஒரு வைத்தியம் இருக்கு, ஒரு நாள் புடிக்கும், அடுத்த வாரம் புது பெல்ட் வாங்கணும்.

பேரிங் கொதிக்குது

கைய வெச்சு அஞ்சு எண்ற வரைக்கும் தாங்கினா பயம் இல்ல. வெச்ச உடனே எடுத்துட்டா பெல்ட் ரொம்ப இறுக்கம், இல்ல ரெண்டு பேரிங் பிளாக்கும் ஒரே லெவல்ல இல்ல, இல்ல கிரீஸ் கூடிப் போச்சு. கிரீஸ் கம்மியா இருந்து கெட்டத விட நிறைய அடிச்சுக் கெட்டதுதான் நான் பாத்தது. ஷாஃப்ட்ட புடிக்கற குட்டி ஸ்க்ரூ லூசாச்சுன்னா ஷாஃப்ட் உள்ளயே சுத்தி தேய்ச்சு அந்த எடம் நீலமா கறுத்துப் போயிருக்கும், கழட்டிப் பாத்தா தெரியும்.

இடது பக்க நட்டு தானா கழலுது

இத மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு விடாதீங்க.

முதல் தடவ மெஷின் கட்டினப்ப ஷாஃப்ட்ட லேத்துக்கு குடுத்தேன், ரெண்டு முனையிலயும் மரை போட்டுக் குடுங்கன்னு. ஒரு பக்கம் இடது மரை (சாதா மரைக்கு எதிர்ப்பக்கமா சுத்தினா இறுகறது) போடணும்னு சொல்லத் தோணல, அவரும் கேக்கல, ரெண்டும் சாதா வலது மரை. ஒரு வாரம் ஒண்ணும் ஆகல. ஒரு நாள் சாயங்காலம் ஒரு சொம்ப அழுத்தி பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தேன், இடது பக்கம். "சர்ர்ர்"னு ஒரு சத்தம், நட்டு என் கால் விரல்ல வந்து விழுந்துச்சு, அடுத்த நொடி வாஷர், அப்புறம் வீலு. வீல் தரையில பட்டு ஒரு நொடி அங்கயே புழுதிய கெளப்பிக்கிட்டு சுத்துச்சு, அப்புறம் புடிப்பு கெடச்சதும் வாசல் வழியா போய் வைக்கப்போர்ல நுழைஞ்சு நின்னுச்சு. அங்க கட்டியிருந்த கன்னுக்குட்டி கயித்த அத்துக்கிட்டு ஓடிடுச்சு. சொம்பு கையிலயே இருந்துச்சு.

விஷயம் என்னன்னா, மெஷினுக்கு நேரா நின்னா வீலோட முன்பக்கம் மேலேருந்து கீழ வரணும். அப்படி ஓடும்போது வலது முனையில சாதா மரை போட்டா வேலை அழுத்த அழுத்த நட்டு இறுகும். இடது முனையில அதே சாதா மரை போட்டா அழுத்த அழுத்த கழலும், அதனால அங்க இடது மரைதான் போடணும். ரெண்டு பக்கமும் சரியா போட்டிருந்தும் திடீர்னு ரெண்டு நட்டும் கழலுதுன்னா மோட்டார் திசை மாறியிருக்கு, ரீவைண்டிங் போயிட்டு வந்த மோட்டார்ல இது நடக்கும், ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோட ரெண்டு முனைய மாத்திப் போட்டா திரும்பிடும். எங்க போயிட்டு வந்தாலும் வீல மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டி திசையப் பாத்துடுங்க.

ஓட்டம் எல்லாம் சரி, பாலிஷ்தான் வரல

பஃபிங் சோப்பு (வீல்ல தடவற பாலிஷ் கட்டி) வீல்ல ஏறவே மாட்டேங்குது, கட்டி கட்டியா தெறிக்குதுன்னா வேகம் பத்தல. பஃபிங் சோப்புல இருக்கற மெழுகு உரசல் சூட்டுலதான் இளகி ஒட்டும். 8 இன்ச் வீல் 1440ல ஓடினா விளிம்பு நிமிஷத்துக்கு 3000 அடிதான் போவும், 2880ல 6000 அடி. பித்தளைக்கு 6000த்த ஒட்டி வேணும். நான் 6க்கு 3 புல்லி போட்டதே இதுக்காகத்தான். வீல் தேஞ்சு 6 இன்ச்சா ஆயிடுச்சுன்னா அதே ஆர்பிஎம்ல 4500தான், பழைய வீல் வெட்டலன்னு சொல்றதுக்கு இதான் காரணம்.

கறுப்பு கறுப்பா கோடு விழுதுன்னா சோப்பு அதிகம். ஒரு செகண்டு காட்டினா போதும், அடிக்கடி காட்டுங்க, ஒரேயடியா அப்பாதீங்க. வீல் முகம் கறுத்து கண்ணாடியாட்டம் ஆயிருந்தா அந்த ஹாக்ஸா கட்டையால சுரண்டி பஞ்சாக்குங்க. மேல படிஞ்ச பிசுக்கு துணியால துடைச்சா போவாது, விபூதி போட்டு தேய்ங்க, நம்ம வீட்டுப் பொம்பளைங்க எண்ணெய் விளக்குக்கு பண்றதுதான், எண்ணெய்ப் பசைய சுத்தமா உறிஞ்சிடும்.

மெல்லிசா கீறல் வருதுன்னா வீல் மாறிப்போச்சு. பழுப்பு சோப்பு வெட்டறதுக்கு, தையல் போட்ட வீல்ல. சிவப்பு சோப்பு மினுக்கறதுக்கு, தையல் கம்மியான லூஸ் வீல்ல. ரெண்டையும் ஒரே வீல்ல போட்டா சிவப்புக்கு வேலையே இல்ல. இரும்போ எவர்சில்வரோ தேய்ச்ச வீல பித்தளைக்கு எடுக்கவே கூடாது. நான் வீல் மேலயே மார்க்கர்ல எழுதி, தனித்தனி கவர்ல போட்டு ஆணியில மாட்டிடுவேன். அப்பவும் ஆழமான கீறல் இருந்தா அது வீல் போட்டது இல்ல, எமரி ஷீட் (தேய்க்கற தாள்) படிய தாண்டிட்டீங்க, 180 நம்பர் தாளுக்கு அப்புறம் நேரா பஃபுக்கு வந்தா 180 கோடு மினுமினுன்னு மின்னும், அவ்ளோதான். 320, 400, 600ன்னு போய்ட்டு வாங்க.

நாச்சியார்கோயில் விளக்குல ஒரு தனிப் பிரச்சனை உண்டு. வார்ப்பு வேலைங்கறதால, காவேரி வண்டல் மண்ணுல அச்சு எடுத்து ஊத்தினது, அங்கங்க ஊசி முனை அளவுக்கு குழி இருக்கும். ஒரே பக்கமா தேய்ச்சுக்கிட்டே இருந்தா ஒவ்வொரு குழிக்குப் பின்னாடியும் வால் முளைக்கும், வால்நட்சத்திரம் மாதிரி. அழுத்த அழுத்த வால் நீளும். நிறுத்திட்டு பொருள கால் சுத்து திருப்பி குறுக்க தேய்ங்க, லேசா, அப்புறம் திரும்ப மாத்துங்க, வால் கரைஞ்சிடும். அப்புறம் விளக்க முழுசா வெச்சுக்கிட்டு பாலிஷ் போடாதீங்க, அடி, தண்டு, தட்டு, மேல அன்னம் எல்லாம் மரையில கழலும், தனித்தனியா கழட்டி போடுங்க. மரையில சோப்பு போவாம துணிய சுத்திக்கோங்க, இல்லன்னா திரும்ப மாட்டும்போது வீட்டுக்காரங்க முன்னாடி முழிக்கணும்.

பித்தளை சிவந்து திட்டுத் திட்டா செம்பு கலர்ல இருக்குன்னா உங்க பஃப் மேல தப்பு இல்ல. ராத்திரி பூரா புளியில ஊறப் போட்டிருப்பாங்க, இல்ல பாத்ரூம் கழுவற ஆசிட்டப் போட்டிருப்பாங்க. மேல இருக்கற துத்தநாகம் போய் செம்பு தங்கியிருக்கு, பழுப்பு சோப்புல வெட்டினா அடியில மஞ்சள் வந்துடும். வீல்ல பிசின் மாதிரி ஒட்டுதுன்னா கம்பெனி அரக்கு பூச்சு இருக்கு, தின்னர்ல துடைச்சுட்டு வாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தையும் வெச்சுப் பாத்துடுங்க. ஒட்டிச்சுன்னா உள்ள இரும்பு, மேல பித்தளை முலாம், அதத் தொடாம திருப்பிக் குடுத்துடுங்க, ரெண்டே நிமிஷத்துல வெள்ளையாயிடும், "எங்க பாட்டி விளக்க கெடுத்துட்டான்"னு பேரு உங்களுக்கு.

பொருள கையிலேருந்து புடுங்குது

கோளாறு மெஷின்ல இல்ல, கையிலதான். வீலோட நடு மட்டத்துக்குக் கீழ, முன்பக்கத்துல காட்டணும், விளிம்பு எப்பவும் வீல் போற திசையப் பாத்து கீழ்நோக்கி இருக்கணும். எங்க அத்தையோட தாம்பாளத்த நான் மேல் விளிம்பக் காட்டிட்டேன், ஒரு நிமிஷ அவசரம். தாம்பாளம் கையில இல்ல, செவுத்துல அரை நிலா மாதிரி ஒரு வடு, அது இன்னைக்கும் இருக்கு. தூக்குவிளக்கு சங்கிலிய வீல்கிட்டயே கொண்டு போவாதீங்க, கையாலதான் தேய்க்கணும். கையுறை வேணாம், தோள்ல துண்டு வேணாம், தூக்கிக் கட்டின லுங்கி வேணாம். பேண்ட்தான். வீட்டுல பொம்பளைங்க ஓட்டினா வளையலக் கழட்டிட்டு, கழுத்துச் செயின உள்ள போட்டுக்கட்டும், முடிய கொண்டை போட்டுக்கட்டும்.

தொட்டா சுர்ருங்குது

வேலைய அங்கயே நிறுத்துங்க. லேசாத்தானே அடிக்குதுன்னு செருப்பு போட்டுக்கிட்டு ஓட்டறவங்கள பாத்திருக்கேன், ஈரக் களிமண் தரையில நிக்கற நமக்கு அந்த லேசு எப்ப பலமாகும்னு சொல்ல முடியாது. எர்த் ஒயர் மோட்டார் பாடியில ஒரு போல்ட்டுல இருக்கும், ஆட்டத்துல அதுதான் முதல்ல லூசாகும், மோட்டார் பாடிக்கும் ஸ்டாண்டுக்கும் பிளக்கோட எர்த் முனைக்கும் மீட்டர்ல கண்டினியுட்டி பாருங்க. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன துண்டிக்கற சுவிட்ச்) ஒண்ணு போட்டே ஆகணும்.

அந்த ஆர்சிசிபி ஐப்பசி மழையில மட்டும் அடிக்கடி விழுதுன்னா அத கழட்டி எறியாதீங்க, வைண்டிங்ல ஈரம் ஏறியிருக்கு. மோட்டார் மூடிய திறந்து தூசிய பிரஷ்ஷால எடுத்துட்டு, ஒரு மரப்பெட்டியக் கவுத்து உள்ள மோட்டார் மேல படாம 60 வாட் குண்டு பல்பு ஒண்ண ஒரு நாள் பூரா எரிய விடுங்க, பக்கத்துல பஃப் நூலோ பஞ்சோ இல்லாம பாத்துக்கோங்க, அது தீக்கு ரொம்ப புடிச்ச தீனி. அப்புறம் எலக்ட்ரீஷியன் கிட்ட மெக்கர் (கரண்ட் கசிவு இருக்கான்னு பாக்கற மீட்டர்) இருந்தா வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவுல அளந்து பாக்கச் சொல்லுங்க. 1 மெகா ஓமுக்கு மேல வந்தா மாட்டி ஓட்டலாம், அதுக்குக் கீழன்னா இன்னொரு நாள் பல்பு, அப்பவும் ஏறலன்னா வைண்டிங் கடைக்கு.